சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்லலாம்

முலாம்பழத்தை வெட்டி வைத்தேன். பின்ஹாஸ் தட்டை விரலால் தள்ளி வைத்தார்.

"வேண்டாம், மசோல்."

"தேன் மாதிரி இருக்கு. ஒரு துண்டு எடுத்துக்குங்க."

"நீ சாப்பிடு."

முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் முலாம்பழம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமான முதல் கோடையில் ஒரு முழுப் பழத்தை ஒரே ஆளாகத் தின்றுவிட்டு, தோலை என் பக்கம் நீட்டி, "இது உன் பங்கு" என்று சொன்னவர். இப்போது பழத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டுக்கொண்டிருந்தார்.

பழம் மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தால் மூன்று வாரமாகவே இப்படித்தான். வாதுமைப்பழம் வந்தது, தொடவில்லை. சாயங்காலம் தேநீரோடு பிஸ்கட் வைத்தால் அப்படியே திரும்பி வந்தது. பிறகு தேநீரும் வேண்டாம் என்றார். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதோடு சரி, தனியாக ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் பார்க்கக் குடிப்பதில்லை. ஆனால் ரொட்டி மட்டும் வேளைக்கு ஒன்றரை, இரண்டு என்று போனது. சர்க்கரை வியாதியை என்னிடம் மறைக்கிறார் என்றுதான் முதலில் பயந்தேன். சர்க்கரை என்றால் முதலில் நிறுத்த வேண்டியது ரொட்டியை அல்லவா? அந்தக் கணக்கும் உதைத்தது.

நாங்கள் இருப்பது ஜெருசலேமில், புகாராக்காரர்கள் தெருவில், இரண்டாவது மாடி. நான் வீட்டிலேயே மெஷின் வைத்துத் துணி தைக்கிறேன். அவர் பாலர் பள்ளி வண்டி ஓட்டுகிறார். பன்னிரண்டு குழந்தைகள், எல்லாம் மூன்று வயது, நான்கு வயது. காலையில் கொண்டுபோய் விடுவார், ஒன்றரை மணிக்கு அழைத்துவந்து வீடு வீடாக இறக்குவார். கடைசிக் குழந்தையை இறக்கியதும் வண்டியை எங்கள் வீட்டெதிரே மல்பெரி மரத்தடியில் நிறுத்துவார். நிறுத்தியதும் பின்னால் வரை நடந்து ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பூட்டுவார். பதினோரு வருஷமாக இதில் மாற்றமில்லை. எங்கள் ஊர் வெயிலில் மூடிய வண்டிக்குள் ஒரு சின்ன உயிர் தூங்கிப்போய்விட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கப்படி கத்தியைத் துணியால் மூடினார். விரல் நுனிகளில் தண்ணீர் விட்டுக்கொண்டார். பிறகு ரொட்டிக்குப் பின்னால் சொல்லும் நீண்ட ஆசியைச் சொன்னார். எங்கள் வீட்டில் அதைப் பெரிய ஆசி என்போம். பழத்துக்கும் தண்ணீருக்கும் பின்னால் சொல்வது சின்ன ஆசி. அது ஒரு மூச்சில் முடிந்துவிடும். பெரிய ஆசியை அவர் விழுங்காமல் வார்த்தை வார்த்தையாகச் சொல்லுவார். நான் பாத்திரம் கழுவியபடி காது கொடுத்து, இடம் வரும்போது ஆமேன் சொல்லுவேன். எந்த ஆசி என்று தெரியாமல் ஆமேன் சொல்லக் கூடாது, அது அநாதை ஆமேன் என்பார்கள். அதனால் அவர் சொல்லும்போது குழாயை மூடிவிடுவது என் பழக்கம்.

ஆசி முடிந்தது. நான் மேஜையைத் துடைத்தேன். உப்புக் கிண்ணம் ஜன்னல் திட்டில் இருந்தது. அது அங்கே ஏன் போயிற்று என்று எடுத்து மேஜை நடுவில் வைத்தேன்.

கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்த பின்ஹாஸ் கதவருகிலேயே நின்றுவிட்டார். உப்பைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, பெரிய ஆசியை முதலிலிருந்து தொடங்கினார்.

"இப்பத்தானே சொன்னீங்க?"

ஆசியின் நடுவில் பேசக் கூடாது. கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார். கடைசி வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"சொல்லிட்டேனா?"

"ஆமேன் சொன்னதே நான்தானே. என்ன, எனக்குத் தெரியாம ரெண்டாவது தடவ சாப்பிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "உப்ப நீ எடுத்தியா?"

"துடைச்சேன், எடுத்து வச்சேன். ஏன்?"

"இனிமே எடுக்காத."

அவ்வளவுதான். சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டியைத் திறந்தார், உள்ளே ஏறினார். கண்ணாடி வழியாக அவர் முதுகு ஒவ்வொரு இருக்கையிடமும் குனிந்து நிமிர்ந்தது. இறங்கினார், பூட்டினார், தெருவைக் கடந்தார். எங்கள் வாசல்வரை வந்தவர் நின்றார். திரும்பிப் போனார். மறுபடி திறந்தார். மறுபடி அந்த முதுகு குனிந்து நிமிர்ந்தது. மூன்றாவது முறை போனபோது எதிர்க்கடையில் கொத்துமல்லிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், அவரை மரியாதையாக ரப் என்று கூப்பிடுகிறவன், கத்திக் கேட்டான்:

"என்ன ரப் பின்ஹாஸ், உள்ள புதையல் வச்சிருக்கீங்களா?"

"ஆமா, உனக்குப் பங்கு கிடையாது," என்றார் பின்ஹாஸ். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. அதைக் கேட்டு நானும் கொஞ்சம் தேறினேன்.

தட்டில் பழம் அப்படியே இருந்தது. வீணாக்க மனமில்லாமல் நானே ஆசி சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தேன். மனம் அவரையே சுற்றியது. கடைசித் துண்டு முடிந்து, தோல்களைக் குப்பையில் போட்டு, தட்டையும் கழுவிக் கவிழ்த்த பிறகு நினைவு வந்தது. பின்னால் சொல்ல வேண்டிய சின்ன ஆசியைச் சொன்னேனா? சொன்னது மாதிரியும் இருந்தது, சொல்லாதது மாதிரியும் இருந்தது. சரி, போகட்டும், பழத்துக்குத்தானே, சந்தேகமென்றால் விட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்தபடியே கை துடைத்தேன். துணி கையிலேயே நின்றுவிட்டது.

எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். பழத்துக்கும் தண்ணீருக்கும் பிஸ்கட்டுக்கும் ஆசி சொன்னோமா என்று சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்லக் கூடாது. ஒருவேளை சொல்லியிருந்தால், இரண்டாவது தடவை கடவுளின் பெயரை வீணாக எடுத்ததாகிவிடும். ரொட்டிக்கு மட்டும் வேறு. வயிறு நிறைய ரொட்டி தின்றவன் நன்றி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேதமான தோராவிலேயே இருக்கிற கட்டளை. அதனால் அதில் சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்லலாம். சொல்லவே வேண்டும்.

சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்ல இடம் தருகிற சாப்பாடு ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரர் மூன்று வாரமாக அதை மட்டும் சாப்பிடுகிறார்.

உப்புக் கிண்ணம் எதற்கு என்பதும் அப்போது புரிந்தது. ஆசி முடிந்ததும் அதை ஜன்னல் திட்டில் வைக்கிறார். திட்டில் இருந்தால் சொல்லியாயிற்று. நான் அதை மேஜையில் வைத்ததும் அவருக்கு அந்த ஐந்து நிமிஷமே இல்லாமல் போய்விட்டது.

மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். கால் மிதிக்கவில்லை. அவருடைய அண்ணன் அம்னூனின் நினைவு வந்தது. ஹோலோன் ஊரில் இருந்தார். அவர் இறந்துபோன வருஷம் நாங்கள் பார்க்கப் போனபோது, நான் கையில் கொடுத்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "அம்மா, இத என்ன செய்யணும்?" என்று என்னைக் கேட்டார். பின்ஹாஸுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. இப்போது ஐம்பத்து ஒன்பது.

மறுநாள் பிற்பகல் அவர் ஆசி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். உப்புக் கிண்ணத்தை எடுத்தார், ஜன்னல் பக்கம் கை நீட்டினார்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

கிண்ணம் கையிலிருக்கவே நின்றார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. அவருக்குப் பொய் வராது.

"ஷவுவோத் பண்டிகைக்கு முன்னாடிலேர்ந்து."

"சாப்பாட்டுல மட்டுமா?"

கிண்ணத்தைத் திட்டில் வைத்தார். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"ஒரு நாள் சிக்னல்ல நின்னேன், மசோல். சிவப்பு. எங்க போறோம்னு தோணிச்சு. கண்ணாடில பாத்தேன், புள்ளைங்க இருந்தாங்க. சரி, கூட்டிட்டுப் போறேன். வீட்டுக்கா, பள்ளிக்கான்னு தெரியல."

"அப்புறம்?"

"நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்தேன். காலைன்னு புரிஞ்சுது. பச்ச விழுந்துடுச்சு, போயிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது, வழி கண்டுபிடித்துவிட்ட மனிதனைப் போல.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"போலாம். லீவு விட்டதும் போலாம். இன்னும் பதினோரு நாள்தான்."

"பதினோரு நாள் வண்டி ஓட்டுவீங்களா?"

"ஓட்ட மறக்கல. வீடெல்லாம் தெரியும், எந்தப் புள்ள எந்தப் படின்னு தெரியும். இந்த சொன்னேனா, செஞ்சேனாங்கறதுதான் வழுக்குது. அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேனே. நீயே பாத்தே. சந்தேகம் வந்தா திரும்பிப் பாக்கறேன். ஒரு தடவ வந்தா ஒரு தடவ, மூணு தடவ வந்தா மூணு தடவ. யாருக்கு என்ன நஷ்டம்?"

ரொட்டிக்கு இருக்கிற சட்டத்தைத்தான் வண்டிக்கும் வைத்திருந்தார். எத்தனை யோசித்து இதைக் கட்டியிருக்கிறார்! ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"சந்தேகம் வராத அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை என்று தெரிந்தது. வெளுத்துப்போன முகத்தோடு அங்கேயே உட்கார்ந்தார். கீழே தெருவில் யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அண்ணன் மாதிரி ஆயிடுவேனா?"

"அதெல்லாம் டாக்டர் சொல்லட்டும்."

"லீவுக்கு முன்னாடியே நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும், மசோல். ஜெப ஆலயத்துல பக்கத்துல உக்காந்து பிரார்த்தனைப் புத்தகத்துல பக்கம் எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. பதினோரு நாள் குடு. லீவு விட்டா தானா நின்ன மாதிரி இருக்கும்."

நான் கொடுத்தேன். அதுதான் நான் செய்தது. ஒரு நிபந்தனை போட்டுவிட்டு, அதனால் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"வண்டில நானும் வருவேன். காலைலயும் வருவேன், மத்தியானமும் வருவேன்."

"புள்ளைங்க சிரிக்கும். பொண்டாட்டிய காவலுக்குக் கூட்டிட்டு வராருன்னு."

"சிரிக்கட்டும். உங்களப் பாத்து இதுவரைக்கும் சிரிக்காமலா இருந்துச்சுங்க?"

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் தூங்கினார். சொல்லிவிட்டவருக்கு வருகிற தூக்கம்.

புதன்கிழமை காலை கூடவே போனேன். பாலர் பள்ளி நடத்துகிற நஹமா வாசலில் நின்று குழந்தைகளை வாங்கிக்கொண்டிருந்தாள். என்னை விட இருபது வயது சின்னவள், வாய்த் துடுக்கு.

"என்ன மசோல், வீட்டுக்காரர் மேல திடீர்னு இவ்ளோ ஆச?"

"வெயில்ல நடக்க முடியல. சந்தைக்குப் போகணும், அதான்."

பன்னிரண்டு தலைகளையும் எண்ணினேன். பன்னிரண்டும் இறங்கின. எஃப்ராத் என்ற சின்னப் பெண், எங்கோ விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள், இறங்கும்போது பின்ஹாஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு என்னைக் கடைசியா இறக்கு," என்றாள். அவள் வீடுதான் எப்போதும் கடைசி. ஆனாலும் தினமும் அதைக் கேட்பாளாம். "பாக்கலாம், நீ சமத்தா இருந்தா," என்றார். நஹமாவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒன்றேகாலுக்கு ஒரு கல்யாணப் பெண் அளவு பார்க்க வந்துவிட்டாள். மறுநாள் கல்யாணம், இடுப்பில் இரண்டு விரல் பிடிக்க வேண்டும், அவள் அம்மா சோபாவில் உட்கார்ந்து அழுகிறாள். நான் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தபோது பின்ஹாஸ் கதவருகில் வந்து சாவியை ஆட்டிக் காட்டினார். இருங்கள் என்று கையைக் காட்டினேன். கல்யாண வீட்டை விட்டுவிட்டு எங்கே வருகிறாய் என்பது போலத் தலையசைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்ததே என்று நான் அடுத்த ஊசியைக் குத்தினேன்.

இரண்டு மணிக்கு வந்தார். கல்யாணக்காரர்கள் போயிருந்தார்கள். கை கழுவினார், ரொட்டிக்கு ஆசி சொன்னார், சாப்பிட்டார். பெரிய ஆசி சொன்னார். நான் குழாயை மூடிக்கொண்டு ஆமேன் சொன்னேன். உப்புக் கிண்ணம் ஜன்னல் திட்டுக்குப் போயிற்று. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்து சாவியைத் தேடுவார் என்று காத்திருந்தேன்.

எழவில்லை. நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டினார். மூன்று வாரமாக நெற்றியில் இருந்த அந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் இருந்த முகம்.

"பழம் இருக்கா, மசோல்?"

"என்ன பழம்?"

"முலாம்பழம்தான். நேத்து வெட்டினியே."

வெட்டியது முந்தாநாள். குளிர்பெட்டியிலிருந்து மீதிப் பாதியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"வண்டியப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சே." பழத்தைக் கத்தியால் கீறினார். "நல்லாப் பாத்தாச்சு."

ஒரு சந்தேகமும் இல்லை அந்தக் குரலில்.

அப்போதுதான் என் கைபேசி அடித்தது. நஹமா.

"மசோல், ரப் பின்ஹாஸ் வந்துட்டாரா?"

"வந்துட்டார். ஏன்?"

"வண்டில பின்னாடி சீட்டுக்குக் கீழ ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. எஃப்ராத்..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினேன். செருப்பு போடவில்லை. தார் சாலை உள்ளங்காலைச் சுட்டது. கொத்துமல்லிக் கடைக்காரன் ஏதோ கேட்டான். சாவி துவாரத்தில் நுழையவில்லை, இரண்டு தடவை வழுக்கியது. கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

"எஃப்ராத்," என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதல் வரிசை. குனிந்தேன். காலி. இரண்டாவது. ஒரு பிஸ்கட் காகிதம். மூன்றாவது. நான்காவது வரிசைக்குப் போவதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாப் பிரார்த்தனையும் ஒன்றோடொன்று மோதி உடைந்துவிட்டது. கடைசி இருக்கைக்குக் கீழே மூலையில் வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடந்தது.

தொப்பி. சிவப்பு நூலில் பூப்போட்ட சின்ன வெயில் தொப்பி.

அதற்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். தரைதான் இருந்தது. மறுபடி துழாவினேன். இருக்கையின் மேலே, பக்கத்தில், அடுத்த இருக்கையின் கீழே. யாரும் இல்லை.

கைபேசி இன்னும் என் இடது கையில் இருந்தது. நஹமா பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"...அவங்கம்மா இப்பத்தான் போன் பண்ணினா, புள்ள வீட்டுக்கு வந்ததுலேர்ந்து தொப்பி தொப்பின்னு ஒரே அழுகையாம். மசோல்? கேக்குதா?"

"இருக்கு," என்றேன். "தொப்பி இருக்கு."

"அப்பாடா. அவர் தினமும் குனிஞ்சு பாப்பாரே, எப்படி விட்டாருன்னு நெனச்சேன்."

வண்டியை விட்டு இறங்கினேன். பூட்டினேன். மரத்தடியில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டேன். பூட்டின பிறகு தோன்றியது, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒற்றை இருக்கைக்குக் கீழே பார்த்தேனா? பார்த்தது மாதிரியும் இருந்தது. மறுபடி திறந்தேன். ஏறிக் குனிந்து பார்த்தேன். இறங்கிப் பூட்டினேன். சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். அதன் பல் கையில் அழுந்தியது.

"நாளைக்குக் காலைல குடுத்துவிட்டாப் போதும்," என்றாள் நஹமா. "ரப் பின்ஹாஸ்கிட்ட சொல்லிடுங்க." பிறகு, "மசோல்? என்ன ஆச்சு? மூச்சு வாங்குது."

மேலே பார்த்தேன். எங்கள் ஜன்னலில் பின்ஹாஸ் நின்றுகொண்டிருந்தார். திட்டில் உப்புக் கிண்ணம், அவர் கையில் முலாம்பழத் துண்டோ, வெறும் தோலோ, இங்கிருந்து தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். உதடுகள் அசைந்தன. தின்பதற்கு முன்னால் சொல்வதா, தின்றபின் சொல்வதா, எத்தனையாவது தடவை, எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

என் வாயில் ஆமேன் வந்து நின்றது.

"மசோல், இருக்கீங்களா?" என்றாள் நஹமா.